ஒரே தராசு: லூர்து புதுமைகளும் நம் இளைஞர்களின் ஐயமும்

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரி விடுதியில் 1950-களின் தொடக்கத்தில் மூன்று மாணவர்கள் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரம் மிக்க ஐயங்கார் இளைஞர். மற்றொருவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூன்றாமவர் இராமேஸ்வரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் இந்த அறையை நினைவுகூர்ந்து, மூவரும் மகிழ்வோடு வாழ்ந்ததாக ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார்.

அந்தக் கல்லூரியை ஒட்டி, தெப்பக்குளத்தைப் பார்த்தவாறு லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சேசு சபையினர் பிரான்சு நாட்டு லூர்து நகரின் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பியது அது. அண்மையில் அந்தக் கோபுரத்தின் நிழலில் நடந்த ஒரு மனத்தாங்கலைத் தீர்த்துவைக்குமாறு மூன்று மாணவர்கள் நம்மைத் தேடி வந்தனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் திருவரங்கத்துக்காரர். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விடுதி அறையே எழுந்து வந்து நம் முன் அமர்ந்தது போலிருந்தது.

நடந்தது இதுதான். கத்தோலிக்க மாணவரின் தங்கைக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் பல வாரச் சிகிச்சை. இடையே குடும்பத்தார் லூர்து அன்னைக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் செய்தனர். பெண் தேறினாள். அண்ணன் அதை அன்னையின் 'புதுமை' என்றார். நம் மாணவர் வாளாவிருக்கவில்லை. "வாரக்கணக்கில் ஊசி போட்டவர் மருத்துவர், பெயர் மட்டும் மாதாவுக்கா?" என்று கேட்டுவிட்டார். நண்பர் முகம் கறுத்து எழுந்து போனார். அப்போது திருவரங்கத்து நண்பர் கேட்ட ஒரு கேள்விதான் நம் மாணவரின் உறக்கத்தைக் கெடுத்தது: "போன வருடம் உன் பாட்டிக்கு ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தீர்களே, அவர் எழுந்து உட்கார்ந்ததும் நீ மருத்துவருக்கா நன்றி சொன்னாய்?"

தங்கையின் நோயைக் காட்டிலும், நண்பரின் வருத்தத்தைக் காட்டிலும் நம் மாணவரை அரித்தது வேறொன்று. பிறர் அற்புதத்தை மறுக்க அவர் எடுத்த கத்தி தம் ஈமானின் வேரையும் அறுக்கிறதோ என்ற அச்சம் அது. இத்தகைய அச்சம் இன்று கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கும் உண்டு. வெளியே சொல்லத்தான் தயங்குகின்றனர். ஆகவே அதைச் சற்று விரிவாகவே பேசுவது தகும்.

இந்த ஊருக்கு இத்தகைய உரையாடல் புதிதன்று. 1762-இல் இங்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்சு, நவாப் முகம்மது அலியின் அவையோருடனும் முஸ்லிம்களுடனும் பேசுவதற்காகவே பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றார். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்ற தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறிற்று. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அங்குப் பயின்ற பிராமண மாணவர் சிலர் கிறித்தவம் தழுவ, ஊரெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அவர்களுக்கெனவே புனித மரியாள் தோப்பு என்ற குடியிருப்பு உருவாயிற்று. 1951-இல் ஜமால் முகம்மது கல்லூரி தோன்றியபின் விவாதத்தின் மூன்றாவது குரலும் இவ்வூர்க் கல்விக்கூடங்களில் வலுப்பெற்றது.

இனி லூர்துக்கு வருவோம். எதிர்த்துப் பேசுமுன் எதை எதிர்க்கிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். நம் மாணவர் அதை அறிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருடைய கத்தோலிக்க நண்பரும் அறிந்திருக்கவில்லை.

1858 பிப்ரவரி 11 முதல் சூலை 16 வரை, பெர்னதெத் சுபிரு என்ற பதினான்கு வயது ஏழைச் சிறுமி, லூர்து நகரத்துக் குகையொன்றில் ஒரு பெண்மணியைப் பதினெட்டு முறை கண்டதாகக் கூறினாள். அக்குகையின் வடிவைத்தான் நம் நாட்டுக் கத்தோலிக்கர் 'லூர்து கெபி' என்று ஊர்தோறும் கட்டி வைத்துள்ளனர். அங்கே ஊறிய நீரால் நோய் தீர்ந்ததாகச் செய்தி பரவ, மக்கள் திரண்டனர். நான்கு ஆண்டு விசாரணைக்குப் பிறகு 1862-இல் அப்பகுதி ஆயர் காட்சிகளை மெய்யென அறிவித்தார். ஏழு குணமடைதல்களையும் ஏற்றார். தூய வளனார் கல்லூரி திருச்சிக்கு வந்த அதே 1883-இல் லூர்தில் ஒரு மருத்துவப் பணியகம் அமைக்கப்பட்டது. குணமடைந்ததாகச் சொல்பவர்களை அங்கே மருத்துவர்கள் சோதிப்பார்கள். எந்தச் சமயத்தைச் சேர்ந்த மருத்துவரும், சமயமே இல்லாதவரும் அதில் பங்கு பெறலாம்.

அவர்கள் கைக்கொள்ளும் அளவைகள் கடுமையானவை. பின்னாளில் பதினான்காம் பெனதிக்து என்ற பெயரில் திருத்தந்தையான இலம்பர்தினி, 1730-களில் வகுத்தவை அவை. நோய் கொடியதாகவும், தானே தீரும் இயல்பற்றதாகவும் இருக்க வேண்டும். நோயறிதலுக்கு உறுதியான சான்று வேண்டும். குணமடைதல் திடீரென நிகழ வேண்டும்; முழுமையாக இருக்க வேண்டும்; பல ஆண்டுகள் நிலைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குணத்துக்கு மருந்து காரணமாயிருத்தல் கூடாது. இவ்வளவும் தேறினாலும் மருத்துவர் குழு 'புதுமை' என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. "இன்றைய மருத்துவ அறிவு கொண்டு விளக்க இயலவில்லை" என்பதோடு அவர்கள் பணி முடிகிறது. அதைப் புதுமை என அறிவிப்பது குணமடைந்தவரின் மறைமாவட்ட ஆயர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அங்கே பதிவாயிருக்க, எழுபதாவது புதுமை ஏற்கப்பட்டது 2018-இல்தான். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்குக்கூட எட்டவில்லை.

இதில் சுவையான ஒரு நிகழ்வைச் சொல்லாமல் நகர மனமில்லை. 1902-இல் அலெக்சிஸ் கரேல் என்ற இளம் பிரெஞ்சு மருத்துவர், ஐயத்தோடுதான் நோயாளிகளின் இரயிலில் லூர்துக்குச் சென்றார். வயிற்றில் காசநோய் முற்றிச் சாகும் தறுவாயிலிருந்த ஒரு பெண், அவர் கண்ணெதிரே சில மணி நேரத்தில் தேறினார். கரேல் கண்டதைக் கண்டபடி சொன்னார். அறிவியலாளர் எள்ளினர், அவர் போதுமான அளவு நம்பவில்லை என்று சமயத்தார் சினந்தனர். பின்னர் நாட்டைவிட்டுச் சென்று 1912-இல் நோபல் பரிசு பெற்றார். வியப்பு யாதெனில், அவர் கண்ட அந்தப் பெண்ணின் பெயர் திருச்சபை ஏற்ற புதுமைகளின் பட்டியலில் இன்றும் இல்லை. நோபல் பரிசாளர் ஒருவரின் சாட்சியமும் அங்கே தேறவில்லை! இன்னொன்று: காட்சி கண்ட பெர்னதெத் தாமே ஈளையாலும் எலும்புக் காசநோயாலும் நலிந்து 1879-இல், 35 வயதில் காலமானார்.

இவற்றைக் கேட்ட கத்தோலிக்க மாணவர் நெடுநேரம் பேசவில்லை. தம் தங்கையின் வழக்கு லூர்து மருத்துவர்களின் முதற்படியைக்கூடத் தாண்டாது என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அவளுக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்ததல்லவா! நம் மாணவர் வென்றவர் போல் நிமிர்ந்தார். அந்த நிமிர்வை நீடிக்க விடுவது முறையன்று என்று நமக்குப் பட்டது.

அப்துல் கலாமின் நூலிலேயே ஒரு காட்சி உண்டு. இராமேஸ்வரத்தில் அவர் தந்தை ஜைனுலாபுதீன் தொழுகை முடித்துப் பள்ளிவாசலுக்கு வெளியே வரும்போது, பல சமயத்தாரும் கிண்ணங்களில் தண்ணீர் ஏந்திக் காத்திருப்பர். அவர் விரல் நுனியை அதில் தோய்த்து துஆ ஓதுவார். அத்தண்ணீர் வீடுகளில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும். பிணி தீர்ந்தவர்கள் நன்றி சொல்ல வரும்போது, அல்லாஹ்வுக்கு நன்றி கூறுமாறு சொல்லிச் சிரித்துவிடுவார். லூர்து மருத்துவர்கள் இராமேஸ்வரத்தில் பணியகம் திறந்திருந்தால் அந்தக் கிண்ணங்களில் எத்தனை தேறியிருக்கும்? திருச்சியில் நத்ஹர் வலி தர்காவின் வாசலில் சொல்லப்படும் கதைகளில் எத்தனை தேறும்? இக்கேள்வி கசப்பானதுதான். ஆயினும் பிறர் வீட்டுச் சரக்கை நிறுக்க ஒரு தராசும் நம் வீட்டுச் சரக்கை நிறுக்க வேறொரு தராசும் வைத்திருப்பவன் வணிகத்திலேயே பழிக்கப்படுகிறான். திருக்குர்ஆனில் 'அல்முதஃப்பிஃபீன்' என்ற அத்தியாயமே அத்தகையோரைப் பற்றியதுதான்.

மும்பையில் 2012-இல் நடந்த ஒன்றை நம் மாணவர் ஆர்வத்தோடு எடுத்துச் சொன்னார். அங்குள்ள வேளாங்கண்ணி அன்னை ஆலயமொன்றின் சிலுவைச் சிற்பத்தில், பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் அதைச் சேகரித்தனர். பகுத்தறிவாளர் சனல் இடமருகு, அருகிலிருந்த கழிவுநீர்க் குழாய் அடைபட்டு, நீர் நுண்துளை வழியே சுவரில் ஏறிக் கசிவதாகச் சொன்னார். சமய உணர்வைப் புண்படுத்தியதாக அவர்மீது வழக்குகள் பாய, அவர் பின்லாந்துக்குச் சென்றுவிட்டார். இக்கதையை நம்மவர் பலர் மகிழ்ந்து சொல்கின்றனர். அதே இடமருகு தர்காவின் கூடு பற்றிப் பேசினால் அதே மகிழ்ச்சி இருக்குமா என்று தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்பவர் சிலரே.

திருவரங்கத்து மாணவர் இச்சமயத்தில் தம் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். அவர்கள் கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் சந்நிதி உண்டு. தில்லி சுல்தானின் மகள் பெருமாள்மீது காதலுற்று இங்கு வந்து அவரோடு கலந்தாள் என்பது ஐதிகம். இன்றும் அவள் பொருட்டு அங்கே ரொட்டி படைக்கப்படுகிறது. "எங்கள் அற்புதத்தின் நாயகியே உங்கள் சமயத்துப் பெண். நீங்கள் ஏற்பீர்களா? ஏற்கமாட்டீர்கள். அவன் லூர்தை நீயும் ஏற்கமாட்டாய், நானும் ஏற்கமாட்டேன். அவரவர் அற்புதம் அவரவர் கடவுளை நிரூபிக்குமானால் எத்தனைக் கடவுளர் நிரூபணமாவர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தாம் அறியாமலேயே அவர் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் வாதத்தைச் சொல்லிவிட்டார். 1748-இல் வெளியான நூலில், ஒன்றோடொன்று முரண்படும் சமயங்கள் காட்டும் அற்புதங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று ஹியூம் வாதிட்டார். சாட்சி பொய்யாவது அற்புதம் நிகழ்வதைவிட வியப்புக்குரியதாக இருந்தாலன்றி அற்புதத்தை ஏற்கலாகாது என்பதும் அவர் கூற்று.

ஹியூமின் வாதத்துக்கு நம்மிடம் விடை உண்டா? உண்டு. ஆனால் அது பலர் எதிர்பார்க்கும் விடையன்று.

அற்புதத்தைப் பற்றி இரு கேள்விகள் உள்ளன. அது நிகழ்ந்ததா என்பது ஒன்று. நிகழ்ந்திருந்தால் அது எதை நிறுவுகிறது என்பது மற்றொன்று. நம் பிள்ளைகள் முதற் கேள்வியில் போய் முட்டிக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். திருக்குர்ஆனோ இதற்கு நேர்மாறானது. ஈசா (அலை) அவர்கள் களிமண் பறவைக்கு உயிரூட்டியதையும், பிறவிக் குருடரையும் தொழுநோயாளரையும் குணப்படுத்தியதையும், இறந்தோரை எழுப்பியதையும் அது மறுக்கவில்லை. எடுத்துரைக்கிறது (3:49, 5:110). ஒவ்வொன்றும் அல்லாஹ்வின் அனுமதி கொண்டே நிகழ்ந்தது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கிறது. அற்புதம் மெய், அதிலிருந்து தெய்வத்தன்மை பெறப்படாது என்பதே அதன் நிலை. 1854-இல் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்கள் பாதிரியார் பிஃபாண்டரோடு இரு நாள் வாதிட்டபோதும், விவாதம் வேதநூல்களின் மாற்றம் பற்றியே சுழன்றது. ஈசா (அலை) அவர்களின் அற்புதங்களைப் பழித்தல் ஒரு முஸ்லிமின் ஆயுதமாக ஒருபோதும் இருந்ததில்லை.

உயிர்த்தெழுதல் மட்டும் வேறு வகையான வழக்கு. அங்கே நிகழ்வே மறுக்கப்படுகிறது (4:157). கிறித்தவர்களோ அதையே தம் நம்பிக்கையின் அடித்தளம் என்கின்றனர். பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் சாட்சிகளின் வரிசையையும் தருகிறார். அவர்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பெயரின்றி நிற்கின்றனர். நம் ஹதீஸ் கலையார் இத்தகைய அறிவிப்பைக் கண்டால், யார் யாரிடமிருந்து கேட்டார் என்றே முதலில் வினவுவர். ஆனால் அதே வினாவை நம்மிடையே வழங்கும் ஒவ்வொரு கராமத்துக் கதைக்கும் எழுப்பியாக வேண்டும்.

நம் இமாம்கள் எழுப்பத்தான் செய்தனர். செய்தியைப் பலர் பலவழியில் அறிவித்த முதவாத்திர் என்றும், தனியோர் அறிவித்த ஆஹாத் என்றும் பிரித்தனர். இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களுக்கெனத் தனிநூலே தொகுத்தார். நபிமார்களுக்கு உரியது முஃஜிஸா, இறைநேசர்களுக்கு உரியது கராமத், வழிதவறியோரிடம் தோன்றி அவர்களை மேலும் மயக்குவது இஸ்தித்ராஜ் எனச் சொல்லால் வேறுபடுத்தினர். கடைசியானது மிகவும் கவனிக்கத்தக்கது. தஜ்ஜால் ஒரு மனிதரைக் கொன்று மீண்டும் எழுப்புவான் என்றும், எழுந்த அம்மனிதர், நீ தஜ்ஜால்தான் என்பது இப்போது முன்னினும் உறுதியாகிவிட்டது என்பார் என்றும் புகாரியில் வரும் ஹதீஸ் கூறுகிறது. தம்மையே உயிர்ப்பித்த அற்புதமும் அவரை அசைக்கவில்லை!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் வாழ்க்கைத் தேடலை விவரிக்கும் நூலில் இதையே வேறுவிதமாகச் சொல்கிறார். பத்தைவிட மூன்று பெரிது என்று ஒருவன் வாதிட்டு, அதற்குச் சான்றாகக் கோலைப் பாம்பாக மாற்றிக் காட்டினாலும், அவன் எப்படி மாற்றினான் என்று வியப்பேனேயன்றி என் கணக்கை ஐயுறமாட்டேன் என்பது அவர் கருத்து. நபித்துவத்தை நம்புவதற்கும் பாம்பான கோலை மட்டும் பற்றிக்கொள்ளாதீர். அது சூனியமோ என்ற ஐயம் பின்னர் எழும் என்று அவர் எச்சரிக்கிறார். இவ்வளவு உறுதியாகப் பேசியவர், இளமையில் ஏறத்தாழ இரண்டு மாதம் எதையுமே நம்ப இயலாத ஐயநோயில் கிடந்ததையும் மறைக்காமல் எழுதியுள்ளார். ஐயம் கொண்ட பிள்ளையைக் கண்டதும் கதவை அடைக்கும் பெரியோர் அந்தப் பக்கங்களைப் படித்தால் நலம்.

இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று இப்ராஹீம் (அலை) அவர்களே கேட்டார்கள். உள்ளம் அமைதி பெறவே கேட்பதாகக் கூறினார்கள் (2:260). வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாகத் தோழர்கள் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று நபி (ஸல்) அவர்கள் தேற்றியதாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

நம் மாணவரின் அச்சத்துக்கு நாம் சொன்ன மறுமொழி வேறொரு ஹதீஸ். ஹிஜ்ரி 10-இல் நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்ராஹீம் மறைந்தார். அன்று சூரிய கிரகணம். மகனின் மரணத்துக்காகச் சூரியனே மறைந்தது என்று மதீனாவில் பேச்சு எழுந்தது. கேட்காமலே வந்து சேர்ந்த அற்புதம். சாட்சிகளோ ஊர் முழுவதும். மறுக்க வேண்டிய தேவையே இல்லை. துயரத்தின் நடுவிலும் அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் சான்றுகள் என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் மக்களுக்கு அறிவித்தார்கள். தமக்குச் சாதகமான ஓர் அற்புதத்தைத் தாமே மறுத்தார்கள். இடமருகுவின் கத்தி தம் ஈமானை அறுக்கும் என்று அஞ்சும் மாணவர், அதைவிடக் கூரிய கத்தி தம் நபியின் கையில் இருந்ததை அறியட்டும்.

கத்தோலிக்க மாணவர் இதைக் கேட்டு, தம் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொன்னார். குமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது; அதற்கு அடிப்படையாக ஏற்கப்பட்டது, துடிப்பு நின்றதாகக் கருதப்பட்ட ஒரு கருக்குழந்தை 2013-இல் மீண்டும் அசைந்தது. அதை நாம் ஏற்கிறோமா என்று கேட்டார். மருத்துவச் சான்றை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை பிழைத்ததற்காக எவரும் அல்லாஹ்வைப் புகழலாம். மறைந்த ஒருவரின் பரிந்துரை அதனால் மெய்ப்படுகிறது என்பதை மட்டும் நாம் ஏற்கவில்லை என்றோம். அவர் ஒப்பவில்லை. ஒப்ப வேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை.

எழும்போது நம் மாணவர், நண்பரிடம் இனி என்ன சொல்வது என்று தனியே கேட்டார். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் கடமைகளுள் ஒன்று. தங்கை நோயுற்றிருந்த அத்தனை வாரங்களில் எத்தனை முறை மருத்துவமனைக்குப் போனாய் என்று திருப்பிக் கேட்டோம். ஒருமுறைகூடப் போகவில்லை என்றார். மறுவாரம் மூவரும் பேருந்து பிடித்து அந்த வீட்டுக்குச் சென்றார்களாம். அந்தப் பெண் கட்டிலில் அமர்ந்து, விடுபட்டுப்போன செய்முறைத் தேர்வுக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு படங்களை அவளுக்காகத் திருவரங்கத்து மாணவர் வரைந்து கொடுத்தாராம். நம் மாணவர் வாங்கிச் சென்ற மாதுளையை அவள் தாயார் அப்போதே உரித்து வைத்தார்.